நாலு மணிச் செய்தி

எங்கள் வானொலியில் வெள்ளிக்கிழமை நாலு மணிச் செய்தியை ஒன்றரைக்கே வாசித்துப் பதிவு செய்துவிடுவோம். அதற்கு ‘டப்பா’ என்று பெயர். கேட்பவருக்கு அது டப்பா என்று தெரியக்கூடாது. அதனால் ‘சற்று முன் கிடைத்த தகவல்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். பதினாறு வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்று வானம் கறுத்திருந்தது. மழை வலுப்பதற்குள் ஆற்றைத் தாண்டி வீடு சேர வேண்டும் என்று அவசரம். அணை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர், வண்டிகள் போகலாம் என்றார்கள். அதை அப்படியே டப்பாவில் அடைத்தேன்.

“மேடம், நாலு மணிக்கு நிலைமை மாறிட்டா?” என்றார் ஆபரேட்டர்.

“மாறினா அவங்களே கூப்பிடுவாங்க. நீங்க சும்மா இருங்க.”

யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது.

பஸ் வந்ததே மூன்றரைக்கு. பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, “இதுக்கு மேல போகாது, எல்லாரும் இறங்குங்க” என்றார் டிரைவர். பாலம் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது. பார்வைக்கு ஆழம் தெரியவில்லை. அப்போது கரையிலிருந்த ஒரு டிரம் உருண்டு விழுந்து, கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது.

கரையோரப் பஞ்சர் கடை ரேடியோவில் நான் பேச ஆரம்பித்தேன். “நேரம் நான்கு மணி.”

அக்கரையில் என் தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான். நாலே காலுக்குப் பதினோரு பிள்ளைகளோடு இந்தப் பாலத்தில் இறங்குவான். மழைக்காலத்தில் என் செய்தியைக் கேட்காமல் பாலத்தில் வண்டியை விடமாட்டான். ‘அக்கா சொன்னா சரி’ என்று பெற்றோர்களிடம் பெருமையடிப்பான்.

என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. கடைக்காரரின் போனை ஏறக்குறைய பிடுங்கினேன். முதலில் நிலையத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை. செய்தி ஓடும்போது ஸ்டூடியோ போனை ஊமையாக்கிவிட வேண்டும் என்று விதி போட்ட புண்ணியவதியும் நானேதான். அடுத்து தம்பிக்கு. எடுத்தான்.

“டேய், பாலத்துல இறங்காத! தண்ணி இழுக்குது!”

“யாரும்மா பேசறது?”

“அக்காடா!”

சிரித்தான். அவன் சிரிப்புக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சல்; அதற்கும் பின்னால், நிதானமாக, என் குரல். “எங்க அக்கா இப்போ ரேடியோல நியூஸ் வாசிக்கிறாங்க. என் வண்டியிலயே ஓடுது. புது நம்பர்ல இருந்து விளையாடறதுக்கு நேரம் பாத்தீங்களே.”

“அது ரெக்கார்டுடா! மத்தியானமே பேசினது!”

“சற்று முன் கிடைத்த தகவல்னு சொல்றாங்களே, காது கேக்கலையா? வண்டியில பிள்ளைங்க இருக்கு, போனை வைங்கம்மா.”

வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன். மறுபடியும். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

“அங்க பாருங்க, வேன்” என்றார் கடைக்காரர்.

அக்கரை வளைவில் மஞ்சள் வேன் திரும்பியது. முழங்கால் தண்ணீரில் இறங்கித் துப்பட்டாவை வீசினேன், கத்தினேன். ஆற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பஸ் டிரைவர் என் இடுப்பைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். பாவி, பாவி என்று என்னை நானே அறைந்துகொண்டேன்.

வேன் சரிவில் நின்றது. தம்பி தலையை வெளியே நீட்டித் தண்ணீரைப் பார்த்தான். ஒரு நிமிஷம் யோசித்தான். சந்தேகம் வந்துவிட்டது, திரும்பிவிடுவான், திரும்பிவிடுவான் என்று வேண்டினேன்.

கடை ரேடியோவில், தலைப்புச் செய்திகளை மீண்டும் ஒருமுறை சொன்னேன். கணுக்கால் அளவு தண்ணீர்தான், வாகனங்கள் தடையின்றிச் செல்லலாம். தெளிவாக, அவசரமே இல்லாமல் சொன்னேன்.

தம்பி தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். வேன் தண்ணீரில் இறங்கியது.