கார்லண்ட் விற்ற பெட்டி

வெண்டல் கொடுக்க வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஆள். வாங்கினதோ ஹெட்போனுக்கு வைக்கிற ஆம்ப்ளிஃபயர். நானூறு கொடுத்திருந்தான். விற்றவர் கார்லண்ட், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். இதற்குள் வெண்டல் வீட்டு ஹீட்டர் உயிரை விட்டது. டிசம்பர் மாதம், ஒஹையோ குளிர். பிள்ளைகள் கோட்டோடு தூங்கினார்கள். ஹீட்டரா, பாக்கியா, ஒன்றுதான் முடியும்.

மாதம் ஒரு சனிக்கிழமை காலை டேட்டன் ஓட்டல் அறையில் கூட்டம். மேசைக்கொரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி, நடுவில் டோனட். எல்லாரும் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு பல் டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். நூறு டாலரிலிருந்து ஐந்நூறுக்கு ஏறினால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். அதற்கு மேல் காசு பெருக்கும், வித்தியாசம் சிறுக்கும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் நிறுத்தியதில்லை.

கேட்டுப் பார்த்து வாங்கினது திரும்பாது. அது கூட்டத்தின் சட்டம். இருந்தும் வெண்டல் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க எடுத்து வந்திருந்தான்.

ரெனாட்டா பள்ளிக்கூடத்து எலெக்ட்ரீஷியன். அவள்தான் வெண்டலைக் கேட்டாள். "அன்னிக்கு உன் பழைய பெட்டியையும் இவரோடதையும் கேட்டப்ப மீட்டர் வெச்சு ரெண்டு சத்தத்தையும் சமமாக்கினியா?"

"இல்ல."

"போச்சு. இவர் பெட்டி கொஞ்சம் சத்தமா இருந்திருக்கும். சத்தமா இருந்தா நல்லா இருக்கற மாதிரிதான்யா தோணும். அது செல்லாது."

கார்லண்ட் டோனட்டைக் கீழே வைத்தார். "சரி, இப்ப சமமாக்கு. கண்ணைக் கட்டு. எந்தப் பெட்டி பாடுதுன்னு அவன் பத்துல எட்டு சரியாச் சொன்னா இன்னிக்கே முழுப் பணம். சொல்லலேன்னா பெட்டியும் எனக்கு, பாக்கியும் இல்ல."

வெண்டலின் நூறு டாலர் பெட்டியைப் பக்கத்தில் வைத்தார்கள். ரெனாட்டா மாற்றி மாற்றி விட்டாள். முதல் தடவையே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மாற்றிச் சொன்னால் போதும், வீடு சூடாகும். நாக்கு வரைக்கும் வந்தது பொய். ஆனால் இத்தனை பேர் முன்னால் காது கேட்காதவன் போல நடிக்க அவனால் ஆகவில்லை.

பத்துக்குப் பத்து.

"பாத்தீங்களாய்யா! காசு குடுத்ததுக்கு வித்தியாசம் இருக்கா இல்லியா?" என்றார் கார்லண்ட்.

"இருக்கு பெரியவரே," என்றபடி வெண்டல் ஹீட்டர் பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தான். "பாட்டு ரெண்டுலயும் ஒண்ணுதான். பாட்டுக்கு முன்னாடி உங்க பெட்டி ஸ்ஸ்ஸுனு இரையுது. என்னோடது இரையல."

ரெனாட்டா மாட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். இன்னும் மூன்று பேர் தலையாட்டினார்கள். கடைசியில் கார்லண்ட் மாட்டினார். வெகுநேரம் இருந்தார்.

"எங்கய்யா இரையுது?"

ரெனாட்டா சத்தத்தைக் கூட்டினாள். "இப்ப?"

"ஒண்ணுமில்ல."

முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்ற காது. வீட்டில் இன்னும் பதினோரு பெட்டி வைத்திருக்கிறார்.

கார்லண்ட் ஒயரைச் சுற்றினார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எனக்கு இது சுத்தமாக் கேக்குது. இது என்கிட்ட இருக்கறதுதான் சரி. பணத்தை உள்ள வைய்யா."

"பந்தயத்துல நான்தானே குடுக்கணும்?"

"வைய்யாங்கறேன்." பாக்கிச் சீட்டை எடுத்துக் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார்.

"அப்ப அந்த நானூறு?"

"ரொம்பப் பேராசைப்படாத," என்றார் கார்லண்ட். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது.