நுல்தோ தீவை இழுத்த ரீல்

ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், தல்போ துறைமுகத்துக்கு எதிரே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த நுல்தோ தீவு, அறுபது மீட்டர் தூரத்துக்கு வந்து நின்றது. தீவோடு சேர்ந்து முப்பத்தேழு வீடுகளும் ஒரு தேவாலயமும் சிப்பிக் கொட்டகைகளும் வந்தன. அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒன்றும் எழுந்திருக்காமல் வந்து சேர்ந்தது. அன்று மீன் சந்தையில் கணவாய் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விலை சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

காரணம் குக் பியோங்தே. தூண்டில் ரீல்களைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுக்கிறவர், வயது ஐம்பத்தெட்டு. குட்டிப் பேய்க்கணவாய் பிடிக்கும் பருவம் செப்டம்பர் ஒன்றாம் தேதி திறக்கும். அதற்கு முந்தைய வாரம் சுங்சோங் கரையோரத்து ரீல்கள் பாதி துறை விளிம்பில் இருக்கும் இவர் கடை மேசைக்குத்தான் வரும். எல்லாம் லெவல்வைண்ட் ரீல்கள்: கைப்பிடியைச் சுற்றினால் முன்னால் ஒரு சின்ன வளையம் இடமும் வலமும் நடந்து, நூலை உருளையில் வரிவரியாகப் படுக்க வைக்கும். அந்த வளையத்தை நடத்துவது குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டிய ஒரு மெல்லிய தண்டு. உப்பு முதலில் போய் உட்காரும் இடம் அந்தப் பள்ளம்தான். இந்தக் கைவேலையில் அவருக்கு இணை கிடையாது. வீட்டு வேலையில் அவருக்குக் கீழேயும் ஆள் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் ரீலைப் பிரித்துப் போட்டு, கழுவுகிற பெட்ரோலைச் சோயா குழம்புக்குள் தட்டிவிட்டார். மனைவி ஒக்புன் அன்றைக்கே நுல்தோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. படகில் இருபத்தைந்து நிமிஷம். இவர் போய்க் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கடல் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். துறைமுகத்தில் பிறந்த மனிதர் இதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் மரியாதைக்காகத் தரையைப் பார்ப்பார்கள்.

அன்று காலை ரீலைக் கொண்டுவந்தவர் மா ஜோங்கில். தூண்டில்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகின் கேப்டன், ஒரு குண்டூசியைக்கூடக் கீழே போட மனம் வராத ஆள். போன நவம்பரில் படகிலிருந்து விழுந்த ரீல் அது. கடல் வற்றியபோது, துறைச் சுவரின் அடியில், சேற்றில் கிடந்தது. நூல் மட்டும் அதிலிருந்து கிளம்பிக் கடலுக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தது. வேறு ஊராக இருந்தால் நூலை வெட்டிவிட்டு ரீலைக் கொண்டுவந்திருப்பார்கள். தல்போவில் பின்னல் நூலை வெட்டுவது சோற்றைக் குப்பையில் போடுவதுபோல.

"வெட்டிராதீங்கண்ணே, புது நூலு. ஒரு சீசன்கூட முழுசா ஓடல" என்றார் கேப்டன்.

"எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குதேப்பா."

"மாட்டினது தானா கழண்டு வரும். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் போய் சூப் குடிச்சிட்டு வந்துர்றேன்."

ஆகவே நூல், கடையின் வாசலைத் தாண்டி, துறையைக் கடந்து, கடலுக்குள் போய்க்கொண்டிருக்க, பியோங்தே ரீலைப் பிரித்தார். கைப்பிடி மறையைக் கழற்றி, பக்கத் தகட்டைத் தூக்கி, உள்ளே கருத்துப்போயிருந்த பழைய கிரீஸை வழித்தெடுத்தார். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பைக் கரைத்தார். பல் சக்கரங்களைப் பெட்ரோலில் அலசினார். பள்ளத் தண்டைப் பல் தேய்க்கும் பிரஷால் ஏழு வருஷக் கோபத்தோடு தேய்த்தார். காய்ந்த பிறகு பேரிங் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய், சக்கரப் பற்களில் மயிரிழை கிரீஸ், தண்டுக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு. தண்டில் கிரீஸ் அப்புகிறவர்களை அவர் மனிதர்களாக மதிப்பதில்லை. எல்லாவற்றையும் பூட்டி, ரீலை மேசைப் பிடியில் இறுக்கி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். நல்ல வேலையைக் காதால்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அன்றைக்குச் சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலச் சுற்றியது. நூல் வந்தது, இன்னும் வந்தது. அந்த சுகத்தில் ஒன்றரை மணி நேரம் கண்ணைத் திறக்காமல் சுற்றினார். நூற்றைம்பது மீட்டர் கொள்ளும் உருளையில் இரண்டு கிலோமீட்டர் எப்படி அடங்கியது என்று பிறகு பலரும் கேட்டார்கள். சீராகப் படுத்த நூல் இடம் அடைக்காது என்பதே அவர் பதில்.

கடைக்குள் இருட்டியதும் கண்ணைத் திறந்தார். வாசல் நிறைய மலை நின்றது.

துறையில் கடற்காக்கைகள்கூடக் கத்தவில்லை. சூப் கடையிலிருந்து வந்த மா கேப்டன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார், பிறகு அதிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தார். காப்பி விற்கிறவள் நிரம்பி வழியும் காகிதக் குவளையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். எதிரே, அறுபது மீட்டரில், நூலின் முனை மாட்டியிருந்த நுல்தோ துறைப்படியில் சிப்பி உடைக்கும் கத்தியோடு ஒக்புன் நின்றாள். அவளுக்கும் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் முதலில் குரல் வந்தது அவளுக்குத்தான்.

"யோவ்! கைய எடுய்யா அதுலேர்ந்து!"

ஏழு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"நான் சும்மா... ஓட்டிப் பாத்தேன்."

"ஓட்டிப் பாக்க உனக்கு எங்க ஊருதான் கெடச்சுதா? படகுல ஏறி வரத் தெம்பில்ல, தீவ இழுக்கத் தெம்பிருக்கு!"

"அக்கா, அதெல்லாம் அப்புறம் வச்சுக்கங்க" என்று மா கேப்டன் தரையிலிருந்தபடியே கத்தினார். "நாளன்னைக்கி சீசன். பதினெட்டு பேரு வர்றான். கடல்வழிய அடைச்சிட்டா என் படகு எங்க போவும், உங்க அடுப்படி வழியாவா? அண்ணே, திருப்பி விடுங்க!"

பியோங்தே விசையை அழுத்தி நூலைத் தளர்த்தினார். நூல் தண்ணீரில் தொய்ந்தது. தீவு அசையவில்லை. நூலால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. இது ஊருக்கே ஒரே நேரத்தில் புரிந்தது.

பிறகு பேரம் நடந்தது. தல்போக்காரர்கள் அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்கு வேறு வழி அறியாதவர்கள். நூலை வெட்டிவிட வேண்டும், பியோங்தே கை சும்மா இருக்காது என்றார் கேப்டன். தன் நூலைத் தானே வெட்டச் சொன்னதில் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று தெரியும். பியோங்தே கைப்பிடியை விடாமல் நின்றார். இன்னும் நூறு சுற்றுச் சுற்றினால் அவள் வாசற்படி இவர் வாசற்படியில் இடிக்கும். வெட்டினால் அவளோடு இருக்கும் கடைசி ஒட்டும் போகும். அது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அதை அவள் எதிர்க்கரையிலிருந்தே படித்தாள்.

"வெட்டவும் வேணாம், சுத்தவும் வேணாம்" என்றாள். "இருக்கற எடத்துல இருக்கட்டும். இழுத்துட்டா மட்டும் நான் வந்துருவேனா?"

கேப்டன் ஆழம் பார்த்தார். படகு போக அறுபது மீட்டர் போதும். அவர் நாற்பதே கேட்க நினைத்திருந்ததால் உடனே ஒத்துக்கொண்டார். அரசாங்கத்திலிருந்து அளவு எடுக்க வந்த அதிகாரி மூன்று நாள் அளந்துவிட்டு, பழைய வரைபடத்தில்தான் பிழை என்று எழுதிப் போனார்.

மூன்று பருவங்கள் போயின. பியோங்தே மாதம் ஒருமுறை அந்த ரீலைப் பிரித்துத் துடைத்தார், இரண்டு சொட்டு விட்டார், பூட்டினார். சுற்றவில்லை. ஊரில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், ஆனால் சுற்றவில்லை. அறுபது மீட்டருக்கு அப்பால் அவள் சிப்பி உடைப்பாள், இவர் ரீல் துடைப்பார். இடையில் படகுகள் போகும்.

நான்காம் வருஷம் ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரும் தொடாமலே ரீல் கடகடவென்றது. நூல் வெளியே ஓடியது. மீன் இழுத்தால் அறுந்துவிடாமல் நழுவிக் கொடுக்கும் பிரேக், அன்றும் நழுவிக் கொடுத்தது. பியோங்தே வாசலைப் பார்த்தார். எதிர்ப் படியில் ஒக்புன் காலை ஊன்றி நூலைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நூலு ஓடுது! புடிங்க!" என்று துறையிலிருந்து அலறினார் மா கேப்டன்.

பியோங்தே பேரிங்குகளை யோசித்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத கடலை யோசித்தார். பிறகு கைப்பிடிக்கு அடியில் இருந்த பிரேக் திருகைப் பிடித்து, இனி ஒரு விரல் நூல்கூட நழுவாதபடி கடைசிவரை இறுக்கினார். கடை ஒருமுறை முனகியது, அடித்தளத்திலிருந்து விடுபட்டது, துறை விளிம்பில் மெதுவாகக் கடலுக்குள் இறங்கி எதிர்க்கரையை நோக்கி நகர்ந்தது.

கேப்டன் மறுபடி தரையில் உட்கார்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது அவருடைய ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ரீல் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒக்புன் அக்கா படகில் வந்து வாங்கிக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.