மூடுபனி என்று எழுதியவன்

பெரிய நிறுவனத்தின் விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணிக்கு எழுநூறு டாலர் தர வேண்டும் என்பது கனடாவில் சட்டம். தவறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். வானத்தின் தவறுக்குக் காசு கிடையாது. இந்தச் சட்டத்தை ட்ரெவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ட்ரெவர் என் அக்கா லொரெட்டாவைக் கட்டிக்கொள்ளப்போகிறவன். டொராண்டோக்காரன். பற்கள் வரிசையாக இருக்கும். என் அம்மா இருபத்தொரு வருடமாக என்னை 'நீ' என்கிறாள். அவனை இரண்டாம் நாளிலேயே 'நீங்க' என்றாள்.

ஆகஸ்டில் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள். லொரெட்டா முன்பே ஊருக்குப் போய்விட்டதால் நானும் அவனும் டொராண்டோவிலிருந்து எங்கள் கடலோர ஊரான செயின்ட் ஜான்ஸுக்குச் சேர்ந்து கிளம்பினோம். விமானம் கிளம்பவில்லை. மூன்று மணி நேரம் ஆனதும் சட்டத்தைச் சொன்னேன். நாலாவது மணியில் மனசில் இருந்ததையும் சொல்லிவிட்டேன்.

"வசந்தத்துல அம்மாவோட பெரிய ஃப்ரீசர் செத்துப்போச்சு மச்சான். ஆறு மணி தாண்டிச்சுன்னா அந்தக் காசுல புதுசு வாங்கிக் குடுத்துடுவேன்."

"நல்ல யோசனைடா" என்றான் ட்ரெவர். அப்போது அதை நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

டோனட் வாங்க வரிசையில் நின்றபோது அம்மாவைக் கூப்பிட்டேன். "இங்க மூடுபனி கம்பளி மாதிரி கெடக்குடா" என்றாள். திரும்பி வந்தால் ட்ரெவர் வேறு கதை சொன்னான்.

"துணை விமானி வரலையாம். இப்பத்தான் ஒலிபெருக்கியில சொன்னாங்க. ஆள் மாத்தி எழுதுறதுல ஏதோ குழப்பமாம்."

டொராண்டோக்காரனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் எது தாமதமானாலும் காரணம் மூடுபனிதான். ஞாயிறு பூசைக்குப் பாதிரியார் தாமதமாக வந்தால் மூடுபனி. என் பெரியப்பாவுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அதற்கும் பதினோரு வருடம் மூடுபனி என்றுதான் சொன்னார்கள்.

ஆறு மணி நேரம் இருபது நிமிடம் தாமதமாகப் போய் இறங்கினோம். நான் அவ்வளவு சந்தோஷமாக எந்த விமானத்துக்கும் காத்திருந்ததில்லை. வீட்டில் உப்பு மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், பட்டாணிக் களி எல்லாம் அடுப்பிலேயே காத்திருந்தன.

"மாப்பிள்ளை, களைச்சுப்போயிருப்பீங்க, உக்காருங்க" என்றாள் அம்மா. என்னிடம், "தட்டை எடு" என்றாள்.

மறுநாள் அதே மேசையில் இருவரும் படிவம் நிரப்பினோம். தாமதத்துக்கு உங்களுக்குத் தெரிந்த காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. ட்ரெவர் 'துணை விமானி வரவில்லை என்று அறிவித்தார்கள்' என்று எழுதினான். நான் 'மூடுபனி' என்று எழுதினேன். கை தானாகப் போனது.

பதில் சொல்ல நிறுவனத்துக்கு முப்பது நாள் அவகாசம். இருவருக்கும் ஒரே நாளில் பதில் வந்தது. அவனுக்கு, 'அன்புள்ள திரு. ட்ரெவர் ஹால்டேன், பணியாளர் ஒதுக்கீட்டில் நேர்ந்த எங்கள் பிழைக்கு மன்னிப்புக் கோருகிறோம்', கூடவே எழுநூறு டாலர். எனக்கு, 'அன்புள்ள வாடிக்கையாளரே, தாங்களே குறிப்பிட்டிருப்பதுபோல் இது வானிலை சார்ந்தது.'

அடுத்த வாரம் அம்மா கூப்பிட்டாள்.

"ஃப்ரீசர் வந்துருச்சுடா. வெள்ளை. நான் உள்ள படுத்துக்கலாம், அவ்வளவு பெருசு. மாப்பிள்ளை அனுப்பிருக்கார். எப்படித்தான் மனசுல தோணுச்சோ."

"ஆமாம்மா. எப்படித்தான் தோணுச்சோ."

"உனக்குக் காசு வரலையாமே?"

"வானிலைன்னு சொல்லிட்டான். அன்னிக்கு அங்க மூடுபனிதானே?"

"மூடுபனிதான். ஆனா நம்ம பக்கத்து வீட்டு சிரில் ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து அன்னிக்கே நாலு மணிக்கு ப்ளேன்ல வந்து எறங்கினாரே. உன் பங்கு களியில பாதி அவர்தான் சாப்பிட்டார்."

"இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீதான் கேக்காம எழுதிட்டியே."

இனி எனக்கு ஒரே வழி: அதே விமானத்துக்கு நிறுவனம் தன் பிழையை ஒப்புக்கொண்ட கடிதத்தை என் மனுவோடு இணைப்பது. அந்தக் கடிதம் ட்ரெவரிடம் இருந்தது. மூன்று நாள் அதைத் திருடுவது பற்றி யோசித்தேன். நாலாம் நாள் கேட்டேன்.

"இதுக்கா இவ்வளவு தயங்கினே?" என்று உடனே நகல் எடுத்துக் கொடுத்தான். "மனுவை நான் வேணா ஒரு தடவை பார்க்கட்டுமா மச்சான்?"

பார்த்தான். இரண்டு பிழை திருத்தினான். இரண்டும் பிழைகள்தான், அதுதான் கொடுமை. 'அன்றைய தாமதத்துக்கும் எங்கள் ஊர் மூடுபனிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டேன். எங்கள் வம்சத்தில் யாரும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

நவம்பரில் எழுநூறு டாலர் வந்தது. கடிதத்தில் என் பெயர் ஒரு முறையும் 'திரு. ஹால்டேன் அவர்களின் ஆவணத்தின் அடிப்படையில்' என்பது இரண்டு முறையும் இருந்தன.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த முறை அதில் எனக்கு ஆதாயமில்லை. மறுநாள் காலையே சிரிலின் வண்டியை இரவல் வாங்கி, துறைமுகத்துப் பக்கம் போய், எழுநூறு டாலருக்கும் காட் மீன், உப்பு மாட்டிறைச்சி, காட்டுப் பெர்ரிப் பழம் எல்லாம் வாங்கினேன். ஒரு டாலர் மிச்சம் வைக்கவில்லை. ஃப்ரீசர் அவனுடையது. அதற்குள் இருப்பது முழுக்க என்னுடையதாக இருக்கட்டும். இனி அம்மா மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் என் முகம் தெரிய வேண்டும்.

ஒரு மணி நேரம் தனியாக அடுக்கினேன். விரல்கள் மரத்துப்போயின. அம்மாவைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினேன்.

அம்மா குனிந்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கையை விட்டு மூலையில் துழாவினாள். கண் கலங்கிவிட்டது.

"லொரெட்டா, இங்க வாடி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளை வாங்கின ஃப்ரீசர்ல எவ்வளவு சாமான் கொள்ளுது பாரு."