முதல் செடி விதைக்கு

மருந்துக்காரியின் புருஷனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் வீடு தேடிப்போய் இலை அரைத்துக் கட்டுகிறவள், கட்டின புருஷனை மட்டும் கையில் தடியைக் கொடுத்து மலைச்சரிவுக்குக் கிளப்பிவிட்டாள்.

"வலிக்கிறவங்கதான் செடியைத் தேடணும். நான் கூடவே வரேன்."

பாறை இடுக்கில், வலிக்கு அரைத்துக் கட்டுகிற அந்தச் சிவப்புத் தண்டுச் செடி தெரிந்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இந்தா, பறி!"

"கண்ணுல படற முதல் செடி விதைக்கு. ரெண்டாவதைத்தான் தொடலாம். தெரியாத மாதிரி பேசறீங்களே!"

தெரியாமல் என்ன? அந்த மலைக்காரர்களுக்குக் காலங்காலமாக அதுதான் சட்டம். அதனால்தான் செடி இன்னும் முளைக்கிறது. சட்டம் போட்டவனுக்கு இடுப்பு பிடித்திருக்காது என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஓடையைத் தாண்டினார்கள், மூங்கில் காட்டைச் சுற்றினார்கள். அவர் திட்டத் திட்ட அவள் சிரித்தாள். வெயிலோடு அவருடைய வசவும் ஏறியது, நடையும் ஏறியது. தடியை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியாது.

மேட்டின்மேல் இரண்டாவது செடி! ஒரே மூச்சில் ஏறி, குனிந்து, இலைகளைக் கிள்ளிக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது. இடுப்பைத் தட்டிப் பார்த்தார். வலியைக் காணோம்.

"அடிப்பாவி! அரைக்காமலே சரியாயிடுச்சே! அப்ப இந்த இலை யாருக்கு?"

கீழே பாறையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள்.

"எனக்குத்தான், கொண்டாங்க. உங்க பின்னாடி ஓடி ஓடி என் முட்டி போச்சு!"