கடைக்குப் போன நூற்றைம்பது

வோயினின் சட்டைக் காலரைத் திஹோமிர் எட்டிப் பிடித்தபோது, ரதோய்க்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பந்தயச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள். காலர் கிழிந்த சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. வோயின் அவள் கணவன். திஹோமிர் அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். லெஸ்கோவாட்ஸ் நகரின் துணி ஆலையை மூடியபோது இருவருக்கும் சேர்ந்தே வேலை போயிற்று. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் சம பலமுள்ள இரண்டு கூடைப்பந்து அணிகளின் ஆட்டமாகப் பார்த்து, ஒருவன் ஒரு பக்கமும் மற்றவன் எதிர்ப்பக்கமுமாக, ஆளுக்கு ஆயிரம் தினார் இந்தப் பந்தயக் கடையில் கட்டிவந்தார்கள்.

"குளிர்காலம் பூரா என் காசத் தின்னுட்டு, ஒரு காபிக்குக்கூட வழியில்லேன்னு நடிக்கிறியாடா?" என்று கத்தினான் திஹோமிர்.

"நான் தின்னேனா? சைக்கிள வித்துட்டு நடந்து வர்றேன்டா! தின்னது நீ!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரதோய்க்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் விறகு தீர்ந்து, மகளின் பழைய கட்டிலை உடைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வாங்காவிட்டால் எதிர்க்கடையில் போய்க் கட்டுவான் என்று அவளே கணவனின் காசை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"கைய எடு திஹோமிர். ஆளுக்கு ஆயிரம், மொத்தம் ரெண்டாயிரம். ஜெயிச்சவனுக்கு நான் எவ்வளவு தர்றேன்?"

"ஆயிரத்தி எண்ணூத்தம்பது," என்றான் திஹோமிர்.

"மிச்சம்?"

திஹோமிரின் கை காலரிலிருந்து இறங்கியது.

"நூத்தம்பது. யார் ஜெயிச்சாலும் அது கடைக்கு. இந்த வாரம் நீ, அடுத்த வாரம் அவன்னு மாறி மாறி ஜெயிச்சாலும் ரெண்டு பேரும் தேய்ஞ்சுதான் போவீங்க. உங்களுக்குள்ள எவனும் எவனையும் தின்னல." அவள் குரல் உடைந்து உயர்ந்தது. "என் சம்பளமும் அதுலதான் வருது வோயின். நம்ம வீட்டுலேருந்து நீ அள்ளிட்டு வந்து இங்க கொட்டுற. சிந்துனதப் பொறுக்கி நான் வீட்டுக்குக் கொண்டுட்டு வர்றேன். தூ!"

வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் பணத்தைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு வெளியேறினார். அதை மேலேயிருந்த கேமரா பார்த்திருக்க வேண்டும். திங்கட்கிழமை வட்டார மேலாளர் நெபோய்ஷா வந்துவிட்டார்.

"வாடிக்கையாளர்கிட்ட இதெல்லாம் பேசலாமாம்மா?"

"நான் சொன்னதுல பொய் இருக்கா சார்?"

"பொய்யா இருந்தா பரவாயில்லையே. மன்னிப்புக் கடிதம்னு ஒண்ணு எழுதிக் குடுங்க, போதும்."

அவள் கடைச் சாவியை மேசைமேல் எறிந்தாள். அது வழுக்கி அவர் மடியில் விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை ரொட்டி ஆலையில் வேலை கேட்டு, இல்லையென்ற பதிலோடு அவள் திரும்பியபோது, சந்தையோரக் காபிக்கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சாம்பல் தட்டு, அதன் அடியில் ஆயிரம் தினார் நோட்டு இரண்டு. தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்கவில்லை.

வோயின் எழுந்து கையாட்டினான். "ரதோய்க்கா, இங்க பாரு! கடையே கிடையாது. ஜெயிக்கிறவனுக்கு முழுசா ரெண்டாயிரம். நீ சொன்ன கணக்குதான்!"

திஹோமிர் அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டான். இருவர் முகத்திலும் பரிசு வாங்கிய பிள்ளைகளின் வெளிச்சம். அவள் சாம்பல் தட்டைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். நோட்டுகளை எடுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய், ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!" என்று வோயின் பின்னாலிருந்து கத்தினான்.

விறகுக் கிடங்கில் இரண்டு நோட்டுகளையும் நீட்டி, இதற்கு எவ்வளவு வருமோ அவ்வளவு போடச் சொன்னாள். கிடங்குக்காரர் ஓக் மரக் கட்டைகளைப் பனிமேல் வீசிக்கொண்டிருந்தபோது, மூச்சிரைக்க இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"பாதி என்னோடது," என்றான் திஹோமிர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அப்போ தூக்கு."

அவன் குனிந்தான். வோயினும் குனிந்தான். கட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஓரமாக, இருவரும் தெருவில் முன்னால் நடந்தார்கள். வெள்ளைத் தரையில் மரப்பட்டைகள் உதிர்ந்துகொண்டே போயின.