பேச்சியம்மாவின் கையும் நூற்றெட்டுத் தும்பையும்

1

இந்தக் கதை எனக்கு இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. ஒரு பெண் போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை மட்டும் தன் பாட்டில் சிமெண்டு வெடிப்பில் முளைத்திருந்த தும்பைச் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேர் மேலே பார்க்க வைத்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தேயிலை மலையில் புல் பிடுங்கிப் பழகிய கை. வேரை வெயிலுக்குக் காட்டினால்தான் களை மறுபடி பிடிக்காது.

அவருக்குப் பேச்சியம்மா என்று நானாகப் பெயர் வைத்தேன். (அனுமதி கேட்கவில்லை. அவர் திட்டிய திட்டைக் கேட்டிருந்தால் நீங்களும் கிட்டே போயிருக்க மாட்டீர்கள்.)

2

முதல் தொடக்கம்: 'மலை முகட்டில் மஞ்சு தவழும் அதிகாலையில், கூடை சுமந்த'

வேண்டாம். இது மாசி மாதம். மஞ்சும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மலை ஊற்றிலிருந்து தண்ணீர் விழும் பீலியில் இப்போது நூலாகத்தான் வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: பேச்சியம்மாவின் மகள் சுலக்ஷனாவுக்கு மட்டக்களப்பில் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்துவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து கெம்பஸ் போகும் முதல் பிள்ளை. கிடைத்தால், தன் கையால் வளர்த்த தும்பையில் நூற்றெட்டுப் பூ போடுவதாகத் தோட்டத்துச் சிவனுக்கு நேர்ந்திருந்தார் பேச்சியம்மா. ரோட்டோரத்துப் பூ செல்லாது. பிள்ளை பஸ் ஏறுவதற்குள் போட்டாக வேண்டும். சாமி தன் வேலையை முடித்துவிட்டது. இனி பேச்சியம்மாவின் முறை.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தும்பை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. விதையைத் தூவிவிட்டு மறந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவின் டேலியாக்கள் தலை தொங்கிய வெயிலிலும் அது ஜம்மென்று நிற்கும். [அந்த உயரத்துக் குளிரில் தும்பை வருமா என்று கேட்பவர்கள் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்க்கவும்.]

ஆனால் முப்பது வருடமாகத் தும்பையைப் பிடுங்கிய கை அல்லவா? முதல் விதைப்பு நாலு இலை விட்டிருந்தபோது, பேச்சியம்மா பாத்தியில் குந்தியபடி சண்முகவடிவோடு ஊர்க்கதை பேசினார். கதை முடிந்தபோது பாத்தி துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"என்னக்கா, வெதச்சத நீங்களே புடுங்கிட்டீங்க?"

"நான் எங்கடி புடுங்குனேன்? கை புடுங்கிருச்சு."

"கங்காணி பாத்திருந்தா மெச்சியிருப்பாரு."

4

இங்கே ஒரு கணவரைச் சேர்த்தேன். பெயர் அழகுமுத்து. இரண்டாம் விதைப்புக்குக் காவல். இவர் கதைக்குத் தேவையா என்று எனக்கே சந்தேகம். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுப்பதற்குள், மனுஷன் இரக்கப்பட்டுப் பீலியடியில் காத்துக்கிடந்து வாளி வாளியாகப் பிடித்து ஊற்றி, பாதிச் செடியை அழுகவைத்துவிட்டார்.

"காயுதேன்னு ஊத்துனேன்."

"அது காயலைங்க, அது அப்பிடித்தான் நிக்கும். தும்பையப் பாத்தா பாவமா இருக்கா? என்னையப் பாத்து ஒரு நாளாச்சும் பாவப்பட்டிருக்கீங்களா?"

இந்த ஒரு பேச்சுக்காக அழகுமுத்து இருக்கட்டும்.

மிஞ்சியவை பதினேழு செடிகள். பூத்துவிட்டன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பேச்சியம்மா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தோட்டத்துப் பெரிய துரை மலையில் வேலை பார்வையிட வந்ததுபோல் இருந்தது.

5

புறப்படும் நாள், திங்கட்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகப் பத்து மணிக்கு வேன். காலையில் பூப் பறிக்கப் பேச்சியம்மா பாத்தியோரம் உட்கார்ந்தார். சுலக்ஷனாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அடுத்த லீவு எப்பன்னு தெரியல. அழ மாட்டீங்கல்ல?"

"நான் எதுக்குடி அழணும்?" என்று சொல்லிவிட்டு அழுதார். மனம் மட்டக்களப்புக்குப் போய்விட்டது. கை வேலையில் இறங்கிவிட்டது.

[நான் தடுத்திருக்கலாம். எழுதுவது நான்தானே. ஆனால் கங்காணிக்கே அடங்காத வேகம், எனக்கா அடங்கும்?]

பதினேழும் வேர் மேலாக வரிசையாகக் கிடந்தன. பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சாமிக்குச் சொன்ன சொல்லு போச்சே!"

சுலக்ஷனா ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, பூவு அப்பிடியே இருக்கு. வளத்ததும் உங்க கைதானே? பறிங்க."

6

முடிவு ஒன்று: பத்துப் பூ குறைகிறது, சாமி கோபித்துக்கொண்டு

சீ. அந்தப் பிள்ளையின் படிப்பில் நான் கை வைக்க மாட்டேன்.

முடிவு இரண்டு: சரியாக நூற்றெட்டு. எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருவரும் பறித்த பூக்களைத் தட்டில் போட்டு எண்ணினார்கள். அறுபத்துமூன்று வந்ததும் பேச்சியம்மா நாற்பது என்றார். அடுத்த முறை எண்பதைத் தாண்டியதும், சந்தேகமாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் மடியில் கொட்டி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"அம்மா, இது மூணாவது தடவ."

"சாமி காரியம்டி. சரியா இருக்க வேணாமா?"

கீழே ரோட்டில் வேன் ஹார்ன் அடித்தது. சுலக்ஷனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே எண்ணத் தொடங்கினாள். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது.

நூற்றெட்டைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேன்காரருக்கு அவசரமென்றால், நீங்கள் போய் எண்ணிக் கொடுங்கள்.