நூல் ஒட்டாத சட்டை

விருந்துக்கு வந்த சிவபாலனைப் பார்த்ததும்தான் மேரிகிறேசுக்குச் சந்தேகம் விழுந்தது.

அவன் ஹேர்னிங் நகரத்துப் பின்னல் மில்லில் வேலை செய்பவன். கொலரிலிருந்து மீசை நுனி வரை பஞ்சுத்தூசு. அதே மில்லில்தான் தனக்கும் வேலை என்று சொல்லி அவளைக் கட்டிய நிக்கலசின் சட்டையில் ஒரு நூல்கூட ஒட்டியதில்லை. வியர்வைதான். போதாக்குறைக்குத் தோளில் நகக்கீறல்!

அவள் கேட்டதற்கு, "அண்ணை வேறை பகுதி, அக்கா" என்று சிவபாலன் அவசரமாகச் சோற்றுக்குள் குனிந்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே கோயிலில் மோதிரம் மாற்றி மூன்று வாரம். இந்த நாட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒருவன். அவனும் தன்னுடையவன் இல்லையென்றால்?

சனிக்கிழமை நிக்கலஸ் பையைத் தூக்கினான்.

"இண்டைக்கும் வேலையோ?"

"ஓவர்டைம்."

கதவு சாத்தியதும் அவனுடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் இறங்கினாள். நவம்பர்க் காற்று கன்னத்தில் அறைந்தது. மூன்று தெரு தாண்டி, ஒரு பெரிய செங்கல் கட்டடத்துக்குள் அவன் நுழைந்தான். உள்ளே பெண்களின் சிரிப்பு! தெருவோரமாக நின்று நின்று, கால் விறைத்த பிறகுதான் அவளுக்குத் துணிவு வந்தது. கதவைத் தள்ளினாள்.

முந்நூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பனைபோல் வளர்ந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவே, அரைக்காற்சட்டையோடு, கூடைப்பந்தைத் தட்டியபடி பாய்ந்தான் நிக்கலஸ். அணியிலேயே குட்டை அவன்தான். அத்தனை பேரையும் சுழித்துக்கொண்டு ஓடியவன் அவளைக் கண்டான். பந்து கையை விட்டு நழுவியது.

இடைவேளை விசில் ஊதியதுதான் தாமதம், ஓடி வந்தான்.

"கிறேஸ், நீர் எப்பிடி இஞ்சை..."

"மில் எங்கை?"

தலை குனிந்தான். "இல்லை. இந்தக் கிளப்தான் எனக்குச் சம்பளம் தாறது. அகதி முகாம் முற்றத்திலை பந்தடிக்கேக்கை கண்டு கூப்பிட்டவங்கள். ரெண்டு வருசமாய் இதுதான் தொழில்."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உம்மட அப்பு மாப்பிளைக்கு என்ன வேலையெண்டு கேட்டவர். பந்தடிக்கிறனெண்டால் பொம்பிளை தருவாரே?"

தரமாட்டார். அவளுக்கும் தெரியும்.

"அப்ப இந்தக் கீறல்?"

"போன கிழமை ஆட்டத்திலை ஓல்போர் அணிக்காரன் ஒருத்தன் பிறாண்டினது."

"நான் ஆரோ பொம்பிளையெண்டு, வழியெல்லாம் மடுமாதாவுக்கு நேர்த்தி வைச்சுக்கொண்டு வாறன்!" அவன் கை நீட்டினான். தட்டிவிட்டாள், பிறகு அவளே அந்தக் கையைப் பிடித்தாள்.

விசில் கூப்பிட்டது. அவன் நகரவில்லை.

"போயிட்டு வாங்கோ. சண்டையை வீட்டை போய்ப் பிடிப்பம்."

"நீர் போயிடுவீரே?"

"எங்கை போறது? இஞ்சைதான் இருக்கிறன்."

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால். எதிரணிக்காரன் இடித்ததால், கோட்டில் தனியே நின்று கூடைக்கு எறியும் முறை நிக்கலசுக்கு. மண்டபமே மூச்சை அடக்கியது. அவனோ கூடையை விட்டுவிட்டு, அவள் இருந்த வாங்குப் பலகையையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மேரிகிறேஸ் எழுந்து நின்றாள்.

"ஐயோ, நான் ஓடமாட்டனப்பா! அங்காலை பாத்து எறியுங்கோ!"

முந்நூறு தலைகள் அவள் பக்கம் திரும்பின. நிக்கலஸ் மட்டும் திரும்பவில்லை. சிரித்துக்கொண்டே எறிந்தான்.